சட்டியில் இருப்பதும் அகப்பையில் வருவதும்: மின்சார வண்டியின் ஓடுதூர வரலாறு



அண்மைக் காலமாகப் பெற்றோர் சிலர் மின்சார மகிழுந்து வாங்குவதைப் பற்றி என்னிடம் பேசுகின்றனர். பேச்சு எங்குத் தொடங்கினாலும் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது. “ஒருமுறை மின்னேற்றினால் எவ்வளவு தூரம் ஓடும்?” அதற்கடுத்து இன்னொரு கேள்வியும் வருகிறது. “வாங்கிய பிறகு மென்பொருளை மாற்றினாலே தூரம் கூடுகிறதாமே, அது உண்மையா?” உண்மைதான். ஆனால், அந்த உண்மைக்குள் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய வேறொரு செய்தியும் இருக்கிறது. அதைச் சொல்லச் சற்று வரலாற்றுக்குள் செல்ல வேண்டும். அவ்வரலாற்றின் ஒரு பகுதி நம் ஜோர்ஜ்டவுன் வீதிகளிலேயே நடந்தது.

ஒருமுறை ஏற்றிய மின்சாரத்தில் வண்டி ஓடும் தொலைவை இக்கட்டுரையில் ‘ஓடுதூரம்’ என்றே குறிப்பிடுகிறேன்.

பினாங்கின் முதல் மின்வண்டிகள்

மின்சார வண்டி என்றால் ஏதோ நேற்று வந்த புதுமை என்று மாணவர்கள் எண்ணுகின்றனர். பினாங்கைப் பொறுத்தவரை அது நூற்றாண்டைக் கடந்த பழஞ்செய்தி. 1880களில் இங்கு நீராவியால் ஓடும் டிராம் வண்டி வந்தது. குதிரை இழுக்கும் டிராமும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் நகருக்கு மின்சாரம் வந்த சூட்டோடு மின்சார டிராமும் வந்துவிட்டது. துறைமுகப் பக்கத்திலிருந்து ஆயர் ஈத்தாம் வரை மக்கள் அதில் பயணம் செய்தனர்.

டிராமுக்கு ஓடுதூரக் கவலை இல்லை. தலைக்கு மேலுள்ள கம்பியில் மின்சாரம் இருக்கும் வரை அது ஓடும். ஆனால் தண்டவாளம் எங்கு முடிகிறதோ அங்கு வண்டியும் நின்றுவிடும். 1925இல் டிராலி பேருந்து வந்தபோது இந்தக் கட்டுகளில் ஒன்று அறுந்தது. அதற்குத் தண்டவாளம் தேவையில்லை. இரப்பர்ச் சக்கரங்களோடு சாலையில் ஓடும். கூரைமீது உள்ள இரு நீண்ட கோல்கள் மேலே செல்லும் கம்பிகளைத் தொட்டு மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். சாலையில் ஏதேனும் நின்றிருந்தால் சற்று விலகியும் செல்லலாம். கோல் கம்பியைவிட்டு நழுவினால் மட்டும் வண்டி நின்றுவிடும். அதை மீண்டும் கம்பியில் மாட்டிய பிறகே பயணம் தொடரும்.

1936இல் டிராம் வண்டிகள் நிறுத்தப்பட்டன. டிராலி பேருந்து 1961 வரை ஓடியது. 1950களில் இலண்டனில் ஓடிய இரட்டை அடுக்கு டிராலி பேருந்துகள் சிலவற்றையும் இந்நகரம் வாங்கி ஓட்டியது. பின்னர் கம்பியே தேவைப்படாத டீசல் பேருந்துகள் அவற்றின் இடத்தை முழுமையாகப் பிடித்துக்கொண்டன. 2004இல் சாலைப் பணியின்போது பினாங்கு சாலையும் சூலியா வீதியும் சந்திக்கும் இடத்தில் பழைய டிராம் தண்டவாளம் வெளிப்பட்டது. அந்த இரும்புத் துண்டுகள்தாம் இந்த நகரம் ஒரு காலத்தில் மின்சாரத்தில் நடமாடியதற்குக் கண்கண்ட சான்று.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். அந்த வண்டியும் கம்பியும் நகராட்சிக்குச் சொந்தமானவை. பயணிக்கு எதுவும் சொந்தமில்லை. சீட்டு வாங்குவார், ஏறுவார், இறங்குவார். எந்தச் சாலைக்கு வண்டி வரும், எந்த ஆண்டோடு நிற்கும் என்பதை நகராட்சி முடிவு செய்தது. பயணி அதை எதிர்பார்த்தே வாழ்ந்தார். “இது என் வண்டி” என்று எவரும் எண்ணியதில்லை. இந்த வேறுபாடு பின்னால் நமக்குப் பயன்படும்.

மின்கலத்தைச் சுமந்த வண்டி

கம்பியிலிருந்தும் விடுபட வேண்டுமானால் மின்சாரத்தை வண்டியே சுமக்க வேண்டும். 1900ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் ஓடிய மகிழுந்துகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று மின்கலத்தால் ஓடியது. 1907இல் தொடங்கிய ‘டெட்ராய்ட் எலக்ட்ரிக்’ என்னும் வண்டிக்கு ஓடுதூரம் சுமார் 130 கி.மீ. என்று விளம்பரம் செய்தனர். தாமஸ் ஆல்வா எடிசனே வண்டிகளுக்காக நிக்கல்-இரும்பு மின்கலம் ஒன்றை உருவாக்கினார்.

ஆனால் 1912இல் கேடிலாக் மகிழுந்தில் மின்பொத்தானால் இயந்திரத்தைத் தொடக்கும் கருவி வந்தது. கையால் சுழற்றும் துன்பம் நீங்கியதும் பெட்ரோல் வண்டி வென்றது. மின்கல வண்டி மெல்ல மறைந்தது.

1996இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ‘இ.வி.1’ என்னும் மின்சார மகிழுந்தை அமெரிக்காவில் வெளியிட்டது. அதை எவருக்கும் விற்கவில்லை. வாடகை ஒப்பந்தத்தில் மட்டுமே கொடுத்தது. பின்னர் வண்டிகளைத் திரும்பப் பெற்று, பெரும்பாலானவற்றை நசுக்கிவிட்டது. ஓட்டியவர்கள் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ள முன்வந்தும் பயனில்லை. வண்டி தம் வீட்டு வாசலில் நின்றாலும் அது தமக்குச் சொந்தமில்லை என்பதை அன்று அவர்கள் உணர்ந்தனர்.

2012இல் டெஸ்லா நிறுவனத்தின் ‘மாடல் எஸ்’ வந்தது. கைப்பேசியைப் போலவே இவ்வண்டியும் இணையத்தோடு இணைந்திருந்தது. இரவில் வீட்டில் நிற்கும்போதே புதிய மென்பொருளை வாங்கிக்கொள்ளும். விற்றுத் தீர்ந்த பொருளைத் தயாரிப்பாளர் தொலைவிலிருந்தே மாற்றலாம் என்னும் நிலை இதனால் பரவலாயிற்று. 2018இல் அமெரிக்காவின் ‘கன்சூமர் ரிப்போர்ட்ஸ்’ அமைப்பு டெஸ்லா ‘மாடல் 3’ வண்டியின் நிறுத்தும் தூரம் மிக அதிகம் என்று குறை கூறியது. சில நாள்களில் புதிய மென்பொருள் வந்தது. சுமார் 46 மீட்டராக இருந்த அந்தத் தூரம் சுமார் 40 மீட்டராகக் குறைந்தது. எந்தப் பட்டறைக்கும் வண்டியைக் கொண்டு செல்லாமலே நிறுத்துகருவியின் செயல் மாறியதைக் கண்டு பொறியாளர்களே வியந்தனர்.

மென்பொருள் தூரத்தை எப்படிக் கூட்டுகிறது?

‘சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்’ என்பது நம் பழமொழி. மென்பொருள் ஓர் அகப்பை மட்டுமே. சட்டியில் இல்லாத மின்சாரத்தை அதனால் உண்டாக்க இயலாது. அப்படியானால் கூடுதல் தூரம் எங்கிருந்து வருகிறது? மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, சிந்துவதைக் குறைப்பது. இதைப் புரிந்துகொள்ள நம் பினாங்கு மலை இரயிலைப் பாருங்கள். 1923இல் ஓடத் தொடங்கிய அந்த இரயிலில், இறங்கும் பெட்டியின் எடை ஏறும் பெட்டியை இழுக்க உதவுகிறது. இறக்கத்தின் ஆற்றல் வீணாவதில்லை. மின்சார மகிழுந்தும் வேகத்தைக் குறைக்கும்போது அதன் மோட்டாரே மின்னாக்கியாக மாறி மின்கலத்துக்கு ஆற்றலைத் திருப்பித் தருகிறது. எவ்வளவு திருப்பித் தர வேண்டும், எந்த வேகத்தில் தர வேண்டும் என்பதை மென்பொருள் முடிவு செய்கிறது. இரு மோட்டார் உள்ள வண்டியில் எப்போது எதற்கு வேலை கொடுக்கலாம் என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. 2019இன் இறுதியில் ஜாகுவார் நிறுவனம் தன் ‘ஐ-பேஸ்’ வண்டிகளுக்கு இவ்வகை மாற்றங்களைக் கட்டணமின்றிச் செய்து கொடுத்தது. பந்தயத்தில் ஓடிய வண்டிகளிலிருந்து கற்ற பாடங்களைக் கொண்டு, 20 கி.மீ. வரை கூடுதலாக ஓடும் என்று அறிவித்தது. அதே ஆண்டு டெஸ்லா, ‘மாடல் 3’ நெடுந்தூர வகையொன்றின் ஓடுதூரத்தை மென்பொருளால் சுமார் 499 கி.மீட்டரிலிருந்து 523 கி.மீட்டராக உயர்த்தியது.

இரண்டாம் வழி, சட்டியின் அடியில் ஒதுக்கி வைத்ததை எடுத்துக் கொடுப்பது. மின்கலம் முற்றிலும் நிறைந்தாலும் முற்றிலும் வற்றினாலும் விரைவில் கெடும். ஆகவே மேலும் கீழும் சிறு பகுதியைத் தயாரிப்பாளர் பயன்பாட்டுக்கு விடாமல் வைத்திருப்பார். ஓரிரு ஆண்டு ஓடிய வண்டிகளின் விவரங்களைப் பார்த்து, ‘இவ்வளவு ஒதுக்கம் தேவையில்லை’ என்று தெரிந்தால் அதில் ஒரு பங்கைத் திறந்துவிடலாம். இதுவும் நேர்மையான வழிதான்.

மூன்றாம் வழி, ஓட்டுநரை அடக்கி ஓட்டச் செய்வது. இதற்கு எடுத்துக்காட்டு தமிழ்நாட்டிலேயே உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் உள்ள ஆலையில் ஓலா நிறுவனம் மின்சார ஸ்கூட்டர்களைச் செய்கிறது. 2021 டிசம்பரில் வண்டிகளை வாங்கியவர்களுக்கு, அறிவித்த வசதிகள் சில கைக்கு வரவில்லை. 2022 ஜூன் மாதம் வந்த ‘மூவ் ஓஎஸ் 2’ என்னும் மென்பொருளோடுதான் சிக்கன ஓட்டமுறை கிடைத்தது. அம்முறையில் வேகம் மணிக்கு 45 கி.மீ. அளவில் கட்டுப்படும், அதனால் தூரம் கூடும். சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற இருவர் 2013இல் தொடங்கி, இன்று ஓசூரில் ஆலை வைத்திருக்கும் ஏத்தர் நிறுவனமும் தன் ஸ்கூட்டர்களுக்கு இப்படி மென்பொருளை அனுப்பி வருகிறது. மெதுவாகச் சென்றால் தூரம் செல்லலாம் என்பது மாட்டுவண்டிக் காலத்து அறிவு. அதையே இப்போது மென்பொருள் நமக்கு நினைவூட்டுகிறது.

புயல் திறந்த பூட்டு

இந்த மூன்றிலும் சேராத நான்காவது ஒன்று உண்டு. அதுவே நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டியது.

2017 செப்டம்பரில் ‘இர்மா’ என்னும் பெரும்புயல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தை நோக்கி வந்தது. இலட்சக்கணக்கான மக்கள் வீடுகளைவிட்டு வடக்கு நோக்கிப் புறப்பட்டனர். அங்கிருந்த டெஸ்லா உரிமையாளர் ஒருவர், வெளியேறும் பயணத்துக்கு இன்னும் சுமார் 50 கி.மீ. தேவைப்படுகிறது என்று நிறுவனத்திடம் உதவி கேட்டார். நிறுவனம் அவருக்கு மட்டுமன்றி, அப்பகுதியில் அவ்வகை வண்டி வைத்திருந்த மற்றவர்களுக்கும் தொலைவிலிருந்தே ஓடுதூரத்தைக் கூட்டிக் கொடுத்தது. செப்டம்பர் 16ஆம் நாள் வரை அந்தச் சலுகை நீடித்தது.

எப்படி முடிந்தது? அந்த வண்டிகளை 60 கிலோவாட் மணி வகை என்று விற்றிருந்தனர். (கிலோவாட் மணி என்பது நம் வீட்டு மின்கட்டணச் சீட்டில் காணும் அதே அலகு.) ஆனால் உள்ளே பொருத்தியிருந்தது 75 கிலோவாட் மணி மின்கலம். மீதி 15ஐ மென்பொருள் பூட்டி வைத்திருந்தது. இரு வகை மின்கலம் செய்வதைவிட ஒரே வகையைச் செய்து, குறைந்த விலைக்கு வாங்குபவருக்கு ஒரு பகுதியைப் பூட்டிவிடுவது நிறுவனத்துக்கு எளிது. பல ஆயிரம் டாலர் கூடுதலாகக் கொடுத்தால் பூட்டு திறக்கும்.

இதில் ஏமாற்று இல்லை. அவர்கள் 60க்குத்தான் விலை கொடுத்தனர், 60ஐப் பெற்றனர். ஆபத்தில் நிறுவனம் உதவியதும் உண்மை. இருப்பினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அந்த 15 கிலோவாட் மணியின் எடையை அவ்வண்டி நாள்தோறும் சுமந்தது. உரிமையாளர் வீட்டு வாசலில்தான் அது நின்றது. சட்டியில் சோறு இருக்கிறது, அகப்பையும் இருக்கிறது. அள்ளலாமா கூடாதா என்பதை எங்கோ இருக்கும் ஒருவர் முடிவு செய்கிறார். அப்படியானால் அந்தச் சோறு யாருடையது?

கொடுத்த கையே எடுத்தபோது

இரண்டே ஆண்டுகளில் இக்கேள்வி நீதிமன்றத்துக்கே வந்தது. 2019இல் சில இடங்களில் வண்டிகள் தீப்பற்றிய நிகழ்வுகளுக்குப் பிறகு, டெஸ்லா பழைய ‘மாடல் எஸ்’ வண்டிகள் சிலவற்றுக்கு ஒரு மென்பொருளை அனுப்பியது. மின்கலத்தைப் பாதுகாக்க எடுத்த முன்னெச்சரிக்கை என்று அது விளக்கியது. ஆனால் அம்மென்பொருள் வந்ததும் மின்கலம் முன்போல் முழுமையாக நிறையவில்லை, ஓடுதூரம் குறைந்தது. உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2021இல் அமெரிக்காவில் 1,743 வண்டிகளின் உரிமையாளர்களுக்காக 15 இலட்சம் டாலருக்கு அவ்வழக்கில் உடன்பாடு ஏற்பட்டது.

2022இல் வந்த செய்தி இன்னும் வியப்பானது. 60 வகையாக விற்கப்பட்ட ஒரு வண்டியில், மின்கலம் பழுதானபோது உத்தரவாதத்தின்கீழ் 90 வகை மின்கலத்தைப் பொருத்தியிருந்தனர். அதன் பிறகு அவ்வண்டி கைமாறி மூன்றாவது உரிமையாளரிடம் வந்து சேர்ந்தது. சேவை நிலையத்தில் வேறொரு பணி முடிந்த பின், ‘இது 60 வகை வண்டி’ என்று கண்டறிந்த நிறுவனம் மென்பொருளால் அதை மீண்டும் 60ஆகப் பூட்டியது. ஏறக்குறைய 130 கி.மீ. ஓடுதூரம் ஒரே நாளில் போயிற்று. திரும்பத் திறக்க 4,500 டாலர் கேட்டனர். செய்தி உலகெங்கும் பரவிய பிறகே நிறுவனம் அதைச் சரிசெய்ய முன்வந்தது.

அவர் 90 வகை என்று நம்பியே அவ்வண்டியை வாங்கியிருந்தார். பழைய பேரேட்டின்படி பார்த்தால் நிறுவனத்தின் கணக்கு சரி. வாங்கியவரின் கண்கொண்டு பார்த்தால், தம் வீட்டுப் பொருளில் ஒரு பகுதியைப் பிறர் எடுத்துச் சென்றதாகவே தோன்றும். கொடுக்க வல்ல கைக்கு எடுக்கவும் வல்லமை உண்டு என்பதே இந்த மூன்று நிகழ்வுகளும் சொல்லும் வரலாற்றுப் பாடம்.

பினாங்குப் பெற்றோருக்குச் சில சொற்கள்

மலேசியாவில் இறக்குமதியாகும் மின்சார மகிழுந்துகளுக்கு 2022 முதல் 2025 இறுதி வரை வரிவிலக்கு இருந்தது. டெஸ்லா 2023 ஜூலையில் இங்கு விற்பனையைத் தொடங்கியது. 2024 டிசம்பரில் புரோட்டோன் தன் முதல் மின்சார மகிழுந்தான ‘இ.மாஸ் 7’ஐ வெளியிட்டது. ஆகவே இக்கேள்விகள் இனி அமெரிக்கர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. வாங்க எண்ணும் பெற்றோர் சிலவற்றை மனத்தில் கொள்ளலாம்.

விளம்பரத்தில் உள்ள ஓடுதூரம் எந்தச் சோதனை முறைப்படி அளந்தது என்று கேளுங்கள். என்.இ.டி.சி. என்னும் பழைய ஐரோப்பிய முறை தாராளமாகச் சொல்லும், டபிள்யூ.எல்.டி.பி. அதைவிடக் குறைத்துச் சொல்லும், அமெரிக்க இ.பி.ஏ. முறை பொதுவாக இன்னும் குறைத்துச் சொல்லும். ஒரே வண்டிக்கு மூன்று எண்கள் இருக்க இயலும்.

குளிர்நாடுகளில் மென்பொருள் தரும் ஆதாயம் அனைத்தும் நமக்கும் கிட்டும் என்று எண்ண வேண்டா. அங்கு மின்கலத்தையும் வண்டியின் உட்புறத்தையும் சூடாக்கவே நிறைய மின்சாரம் செலவாகிறது. அதைச் சிக்கனப்படுத்தினால் தூரம் நன்கு கூடும். நமக்கோ செலவு குளிர்சாதனத்தில்தான். அதேபோல், ஆயர் ஈத்தாமிலிருந்து பாலிக் பூலாவ் மலைச்சாலையில் ஏறும்போது விரைவாகக் குறையும் எண்ணைக் கண்டு அஞ்சவும் வேண்டா. இறங்கும்போது ஒரு பகுதி திரும்பி வரும், முழுதும் வராது.

பழைய வண்டி வாங்குவோர், எந்தெந்த வசதி வண்டிக்கு உரியது, எது முந்தைய உரிமையாளரின் கணக்குக்கு உரியது என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். எத்தனை ஆண்டுகளுக்கு மென்பொருள் வரும் என்றும் கேளுங்கள். “பிறகு மென்பொருளில் வரும்” என்னும் வாக்குறுதியை நம்பி இன்றே பணம் கொடுக்க வேண்டா. இன்று சட்டியில் என்ன இருக்கிறதோ அதற்கே விலை கொடுங்கள்.

வகுப்பறைக்கு

நம் மாணவர்களின் பெற்றோர் பலர் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பணிபுரிகின்றனர். 1972 முதல் இன்டெல், பாஷ் போன்ற நிறுவனங்கள் அங்கு மின்னணுப் பொருள்களைச் செய்து வருகின்றன. அருகிலுள்ள கூலிமில், 2024 ஆகஸ்டில் இன்ஃபினியன் நிறுவனம் சிலிக்கான் கார்பைடு சில்லுகள் செய்யும் புதிய ஆலையின் முதல் கட்டத்தைத் திறந்தது. மின்கலத்து மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றவாறு மாற்றும்போது ஏற்படும் இழப்பை இவ்வகைச் சில்லுகள் குறைக்கின்றன. உலகில் எங்கோ ஒரு வண்டி சில கிலோமீட்டர் கூடுதலாக ஓடுவதற்கு நம் வட்டாரத்துத் தொழிலாளர் கைகளும் காரணமாகலாம். இதை மாணவர்களிடம் சொல்லுங்கள். நம் ஊர்ப் பெற்றோரின் உழைப்பும் அறிவியலின் பகுதி என்று உணர்வார்கள்.

கணிதப் பாடத்தில் இக்கணக்கைக் கொடுக்கலாம்: 75இல் 60ஐ மட்டும் பயன்படுத்தலாம் என்றால் பூட்டப்பட்டது எத்தனை விழுக்காடு? இருபது என்று விரைவில் விடை வரும். அதன் பிறகு நன்னெறிப் பாடத்துக்குரிய கேள்வியைக் கேளுங்கள்: அந்த இருபது விழுக்காடு யாருக்குச் சொந்தம்? இதற்கு விடை எளிதில் வராது. மாணவர்கள் இரு அணியாகப் பிரிந்து வாதிடட்டும். ‘விலை கொடுக்கவில்லையே’ என்று ஓர் அணி சொல்லும். ‘என் வண்டியில்தானே இருக்கிறது’ என்று மற்றோர் அணி சொல்லும். இரண்டிலும் நியாயம் உண்டு.

டிராம் வண்டியில் ஏறிய நம் முன்னோருக்கு எது தமக்குச் சொந்தம், எது பிறருக்குச் சொந்தம் என்பதில் ஐயம் இருந்ததில்லை. கையில் ஒரு சீட்டு, அவ்வளவே. நம் பிள்ளைகள் வாங்கப்போகும் வண்டியில் அந்த எல்லை கண்ணுக்குத் தெரியாது. ஒப்பந்தத்தின் பொடி எழுத்துகளில் மறைந்திருக்கும். ஆகவே வண்டி ஓட்டக் கற்பதற்கு முன், ஒப்பந்தத்தை வரி வரியாக வாசிக்கும் பழக்கம் அவர்களுக்கு வர வேண்டும். வாசிப்பைக் கற்பிப்பது நம் தொழில்தானே, ஆசிரியர்களே.

வேறொரு பொருளோடு மீண்டும் சந்திப்போம்.